நாள் முழுவதும் ரோமானியத் தகட்டுக் கவசம்: தோள்வலிக்கு என்ன வழி?

புதுக்கவசம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதல் நூற்றாண்டு ரோமானியக் காலாட்படையை மறுநிகழ்த்தும் குழு ஒன்றில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் கிடைத்த வகையைப் பின்பற்றிச் செய்த லோரிகா செக்மென்டாட்டா (இரும்புப் பட்டைத் தகடுகளை இணைத்த கவசம்) ஒன்றை ஆயத்தமாகவே வாங்கினேன். எடை ஏறத்தாழ 9 கிலோ. உள்ளே கம்பளி அங்கியும், அதன்மேல் மெல்லிய பஞ்சு வைத்த கையில்லாச் சட்டையும் அணிகிறேன். முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரிவதில்லை. அதன்பின் கழுத்துத் தகட்டின் விளிம்பு கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசையில் அழுந்தத் தொடங்குகிறது. நேரம் போகப்போக இடக்கை விரல்கள் மரத்துப்போகின்றன. உட்கார்ந்தாலோ, அடித்தகடு இடுப்பெலும்பில் குத்துகிறது. காலை முதல் மாலை வரை கவசத்துடன் நிற்க வேண்டிய நிகழ்ச்சிகள் வரவிருப்பதால், இன்னும் மெல்லிய தகட்டில் வேறொன்று செய்துகொள்வதா, சங்கிலிக் கவசத்துக்கு மாறிவிடுவதா என்று குழம்பிப்போயிருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

கொல்லன் எழுதியது:

நண்பரே, இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் குறை எடையில் இல்லை, அந்த எடை உட்காரும் இடத்தில் இருக்கிறது. மனிதனின் தோள் கழுத்திலிருந்து வெளிப்புறமாகச் சரிந்து இறங்குகிறது. கவசத்தின் தோள் தகடுகளோ அந்த அளவுக்குச் சரிவதில்லை. எனவே மெல்லிய சட்டையின்மேல் அணியும்போது தகட்டின் உள்விளிம்பு மட்டுமே உடலைத் தொடுகிறது, 9 கிலோவும் அந்த ஒரு கோட்டிலேயே இறங்குகிறது. கண்ணாடிமுன் நின்று பாருங்கள்: மார்புத் தகடுகள் இரண்டும் நேருக்கு நேர் சந்திக்காமல் கோணலாக நின்றால், தோளில் திண்டு போதவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சட்டை முழுவதையும் தடிமனாக்குவது வீண்வேலை, வெப்பம்தான் கூடும். தோள்மேல் மட்டும் கம்பளி ஃபெல்ட்டை (நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த கம்பளித் துணி) பல அடுக்குகளாக வைத்துத் தையுங்கள். கழுத்தருகே ஓரடுக்கில் தொடங்கி, வெளிப்புறம் போகப்போக அடுக்குகளைக் கூட்டி, தோள்முனையில் இரண்டு விரற்கடை அளவுக்குத் தடிமன் வருமாறு சரிவை நிரவ வேண்டும். காரை எலும்பு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிறு பள்ளம் விட்டுவிடுங்கள். விரல் மரத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பகுதி நரம்புகள் நசுங்குவதுதான் என்பதால், அதைத் தாங்கிப் பழகிக்கொள்ளலாம் என்று நினைக்கவே கூடாது. மரமரப்பு வந்தவுடன் கவசத்தைக் கழற்றிவிடுங்கள்.

முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தகைய உள்ளாடை முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 4ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய ‘தே ரேபுஸ் பெல்லிகிஸ்’ என்ற நூல், கவசத்தின் எடையும் உராய்வும் உடலைப் புண்படுத்தாமலிருக்க ஃபெல்ட்டால் செய்த ‘தோராகோமாகுஸ்’ என்னும் உள்ளாடையை விவரிக்கிறது. மழையில் அது நனைந்து கனத்துவிடும் என்பதால் மேலே பதப்படுத்திய தோலை அணியச் சொல்வதிலிருந்து, அதை எழுதியவர் நனைந்த ஃபெல்ட்டின் பாரத்தை நன்கறிந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இடுப்பில் குத்துவது தனிக் கதை. அடித்தகடு இடுப்பெலும்புக்கு மேலேயே முடிய வேண்டும். கார்பிரிட்ஜில் 1964இல் கிடைத்த புதையலில் இரு வகைகள் உண்டு: ஒன்றில் தோள்பகுதியும் இடைப்பகுதியும் வாரும் கொக்கிவளையமுமாக இணைகின்றன, மற்றதில் உலோகக் கொக்கிகளால் இணைகின்றன. உங்களுடையது வார் வகையானால் ஒரு துளை மேலேற்றிக் கட்டினாலே போதுமானதாக இருக்கும். மேலும், ஆயத்தக் கவசங்களில் தகடுகளைத் தாங்கும் உள்வார்கள் நாளடைவில் நீண்டுவிடுகின்றன; தகடுகளுக்கிடையே ஒளி தெரிந்தால் வார்களை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

இடைவார் எழுதியது:

கொல்லன் ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடில்லை. ஆயினும் சங்கிலிக் கவசத்தை அவர் ஒரே வரியில் தள்ளிவிட்டது சரியன்று. எடையில் அது தகட்டுக் கவசத்தைவிட ஓரிரு கிலோ கூடுதலாகவே இருக்கும் என்றாலும், அந்த எடையைப் பங்கிட ஒரு வழி இருக்கிறது. கவசத்தை அணிந்ததும் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, அதே நிலையில் மற்றொருவரை இடைவாரை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கைகளை இறக்கும்போது வாருக்கு மேலே வளையங்கள் சற்றுத் தொய்ந்து தொங்கும். அப்போது மார்புக்குக் கீழுள்ள எடை இடுப்புக்குப் போய்விடுகிறது, தோளுக்கு மிஞ்சுவது மேற்பாதி மட்டுமே. தகட்டுக் கவசத்தில் இந்த உத்தி பலிக்காது. அங்கே இடைவார் வாளையும் அழகையும் தாங்குமே தவிர எடையைத் தாங்காது. குனிந்து நிமிரும் வேலை அதிகமென்றால் நான் சங்கிலியைத்தான் எடுப்பேன். ரோமானியரும் தகட்டுக் கவசம் வருவதற்கு முன்பும் அது வழக்கொழிந்த பின்பும் சங்கிலியை விடவில்லை.

ஆணிச்செருப்பு எழுதியது:

தோளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கோடை நிகழ்ச்சிகளில் ஆட்களைச் சாய்ப்பது வெயில்தான். இரும்புக்குள் வியர்வை உலர வழியில்லை, தகட்டைத் தொட்டால் கை சுடுகிறது. நிகழ்த்தாத நேரமெல்லாம் நிழலில் இருங்கள், தாகம் எடுக்குமுன்பே சிறிது உப்புச் சேர்ந்த பானம் குடியுங்கள், தலைசுற்றலோ குமட்டலோ தோன்றினால் கவசத்தை அவிழ்க்க யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். கழுத்துத் துணி கட்டாயம் வேண்டும். தகட்டு விளிம்பிலிருந்து தோலைக் காப்பதோடு, நனைத்துக் கட்டினால் குளிர்ச்சியும் தரும்.

தலைக்கவசத்தை எப்போதும் அணிந்திருப்பதுதான் முறை என்று சில குழுக்களில் வற்புறுத்துகிறார்கள். பேரரசர் டிராஜனின் போர்க் காட்சிகளைச் செதுக்கி ரோமில் கி.பி. 113இல் நிறுவப்பட்ட டிராஜன் தூணின் தொடக்கக் காட்சிகளைப் பாருங்கள்: படகுப் பாலத்தின்மீது தன்யூப் ஆற்றைக் கடக்கும் வீரர்கள் வெறுந்தலையுடன் நடக்கிறார்கள், தலைக்கவசங்கள் உடலோடு தொங்குகின்றன. அவர்களுக்கே அந்தச் சலுகை இருந்தபோது நமக்கு மட்டும் ஏன் இந்த வைராக்கியம்?

இன்னொன்று, பழக்கம். 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதையடுத்தோ எழுதிய ரோமானியப் போர்க்கலை நூலாசிரியர் வெஜீஷியஸ், பயிற்சி தேய்ந்ததால் வீரர்களுக்குக் கவசம் பாரமாகத் தோன்றியதென்றும், பேரரசர் கிராஷியன் காலத்தில் அதை விட்டுவிட அவர்கள் அவரிடமே அனுமதி கேட்டார்களென்றும் குறை கூறுகிறார். அவருடைய வரலாற்றை முழுதாக நம்ப வேண்டியதில்லை. நாம் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மட்டும் கவசத்தைத் தொடுகிறவர்கள் என்பதால் அந்தக் கவனிப்பு நமக்கு அப்படியே பொருந்துகிறது. வீட்டில் மாலை நேரங்களில் அணிந்து நடந்து, நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

புதுக்கவசம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கண்ணாடிமுன் நின்று பார்த்தேன். மார்புத் தகடுகள் கோணலாகத்தான் நிற்கின்றன. திண்டுக்கு ஃபெல்ட்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சை வைத்து மேலே துணி தைத்துவிட்டால் யாருக்கும் தெரியாதே, அது கூடாதா?

கொல்லன் எழுதியது:

தெரியாது என்பது உண்மை. ஆனால் நுரைப்பஞ்சு எடையின்கீழ் நாளடைவில் தட்டையாகிவிடும், காற்றையும் புகவிடாது. வியர்வை தோளிலேயே தேங்கித் தோலை ஊறவைத்துப் புண்ணாக்கும். சரியான தடிமன் எவ்வளவு என்று அளந்து பார்ப்பதற்கு வேண்டுமானால் அதைத் தற்காலிகமாக வையுங்கள், அளவு பிடிபட்டதும் ஃபெல்ட்டில் தைத்துக்கொள்ளுங்கள். தைத்தபின் ஒருமுறை அணிந்து கழற்றித் திண்டின் மேற்புறத்தைப் பாருங்கள்: அழுத்தத் தடம் பரவலாக இருந்தால் நல்லது, ஆணித்தலைகளின் வட்டங்கள் தனித்தனியே பதிந்திருந்தால் அவ்விடத்தில் உள்வாருக்கு மேல் இன்னொரு தோல் துண்டை ஒட்ட வேண்டும். துரு வராமலிருக்கப் பூசும் எண்ணெயை அணிவதற்கு முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஃபெல்ட்டில் அது இறங்கினால் பிறகு போகாது. முன்புறக் கயிறுகளைக் கட்டும்போது மூச்சை முழுவதும் இழுத்து நிறுத்திக்கொள்ளுங்கள், சுருக்கு முடிச்சே போடுங்கள். வியர்வையில் நனைந்த தோல் கயிற்றில் கடும் முடிச்சு விழுந்தால் அவசரத்துக்கு அவிழாது, அறுக்கத்தான் வேண்டும்.