வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை: உங்களுக்கும் நடந்ததா?

ஹட்டன் பொடியன்:
2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல் நாள் ராத்திரி புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். கூட்டம் தெரியும்தானே, கினிகத்தேனை வரைக்கும் நின்றே வந்தேன். காலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்குப் போட வரிசை. மேசையில் இருந்த மிஸ் இடாப்பில் அடிமட்டத்தை வைத்து வரி வரியாக இறக்கினார். அப்பா, அம்மா, தங்கச்சி. அடுத்த வரி பக்கத்து லயன் வீட்டுக்காரர். அடிமட்டம் திரும்ப மேலே போய் இறங்கியது. "இல்லையே தம்பி." நான் ஊரில் இல்லை என்று வெட்டிவிட்டார்களாம். கொழும்பிலோ, நாங்கள் ஆறு பேர் படுக்கும் கடை மாடியை முதலாளி வாக்காளர் பதிவுப் படிவத்தில் காட்டவே மாட்டார். பதிந்தால் இடத்துக்கு உரிமை கேட்போமாம்!

கொட்டகலை டீச்சர்:
எங்கள் தாத்தா 1947இல் வாக்குப் போட்டவர். 1948இல் எங்கள் தோட்டத் தமிழருக்குப் பிரஜாவுரிமை போனது, அடுத்த வருஷம் வாக்கும் போனது. மறுபடி போட்டது 1977இல். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன சின்னப்பிள்ளை. பவுடர் டின்னுக்குள் சுருட்டி வைத்திருந்த பிரஜாவுரிமைப் பதிவுப் பத்திரத்தை எடுத்து மேசையில் விரித்தார். "இது தேவையில்லை ஐயா" என்றார்கள். வாக்குச்சீட்டு கைக்கு வரும்வரை அதை அவர் எடுக்கவே இல்லை.

பண்டாரவளை மச்சான்:
தம்பி, கொழும்பில் இருந்தால் கொழும்பில் பதியணும். அமெரிக்காவில் தலைநகரில் இருந்தும் வாக்குள்ள பிரதிநிதி இல்லாதவர்கள் வாஷிங்டன்காரர்கள். என் மச்சினன் அங்கே இருக்கிறார். கார் நம்பர் தகட்டிலேயே "பிரதிநிதித்துவம் இல்லாத வரியை நிறுத்து" என்று அடித்திருக்கிறதாம். ஜனாதிபதிக்கு 1964இலிருந்து வாக்குப் போடுகிறார்கள். செனட்டில் ஒருவரும் இல்லை. கீழ்ச்சபையில் ஒருவர் பேசலாம், சபையில் சட்டம் நிறைவேறும்போது அவருக்கு வாக்கில்லை. நம் கதைதானே?

கொட்டகலை டீச்சர்:
எப்படி நம் கதை? அவர்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை. நமக்குக் கொடுத்துப் பிடுங்கினார்கள். 1947இல் நுவரெலியாவில் ஜெயித்த நம் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கில் ஜெயிக்க 30 வருஷம் ஆனது. நடுவில் நியமன எம்.பி.யாக இருந்தார், அது வேறு. கடை மாடியில் பதிய முடியாது என்று தம்பி சொன்னதையும் நீங்கள் வாசிக்கவில்லை.

தம்பி, தேர்தல் ஆணைக்குழுத் தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டு இப்போதே பாருங்கள். பெயர் இல்லாவிட்டால், திருத்தத்துக்கு இடாப்பைக் காட்சிக்கு வைக்கும் நாட்களில் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்குப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவை ஜி.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) அனுப்புங்கள், அப்பாவை வேண்டாம், கோபப்படுவார்.

ஹட்டன் பொடியன்:
சரி டீச்சர். அம்மா ரெண்டு தரம் போய்விட்டார். ஜி.எஸ். புதன்கிழமை வரச் சொன்னாராம். புதன் அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் நாள்.