லென்ஸ் மாட்டுகிறது, மூலை கறுக்கிறது: டெல்டாவில் நாம் பார்த்தவை

கும்பகோணம்:
தை பிறந்தால் முகூர்த்தம், முகூர்த்தம் என்றால் லென்ஸ் கைமாறும் காலம். மகாமகக் குளத்துக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் ஒரு தம்பி, புதிய சோனி ஃபுல் ஃபிரேம் (படம் பதியும் சென்சார் 36×24 மிமீ) கேமரா பாடியில் நண்பரிடம் இரவல் வாங்கிய கிட் லென்ஸை மாட்டியிருந்தார். கச்சிதமாகப் பூட்டிக்கொண்டது, படமும் நன்றாக வந்தது. மாலை மாற்றி முடித்த பிறகுதான், 24 மெகாபிக்சல் கேமராவில் எல்லாப் படமும் 10 மெகாபிக்சலாகப் பதிவாகியிருந்ததைக் கவனித்தார். "அண்ணே, பாடி போயிடுச்சா?" என்று முகம் வெளுத்து என்னிடம் வந்தார்.

எதுவும் போகவில்லை. மாட்டியது ஏபிஎஸ்-சி லென்ஸ், அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சாருக்கானது. கேமரா அதைக் கண்டுகொண்டு சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. நீள அகலத்தில் 1.5 மடங்கு குறைந்தால் பரப்பில் 2.25 மடங்கு குறையும். 24-ஐ அதால் வகுத்தால் 10 சொச்சம். சோனியில் இரண்டு அளவுக்கும் ஒரே இ மவுன்ட் (லென்ஸ் பூட்டும் வாய்) என்பதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். பெயரில் எஃப்இ என்று இருந்தால் ஃபுல் ஃபிரேம், வெறும் இ என்றால் ஏபிஎஸ்-சி. நிக்கானில் டிஎக்ஸ் என்று லென்ஸிலேயே எழுதியிருக்கும். கேனானின் இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் ஏறவே ஏறாது. அது ஒரு விதத்தில் நல்லதுதான்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். லென்ஸ் பின்னால் விழவைக்கும் ஒளிவட்டத்தின் விட்டம், சென்சாரின் மூலைவிட்டத்தை எட்டுகிறதா? எட்டாவிட்டால் மூலை கறுக்கும். அந்த மூலைவிட்டம் ஃபுல் ஃபிரேமுக்கு 43.3 மிமீ, நிக்கான், சோனி ஏபிஎஸ்-சிக்குச் சுமார் 28, கேனான் ஏபிஎஸ்-சிக்குச் சுமார் 27, இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாருக்கு 21.6. உங்கள் பக்கம் நடந்ததையும் சொல்லுங்கள்.

வேதாரண்யம்:
எங்களுக்குத் தலைகீழ் கதை. கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஃபுல் ஃபிரேம் 300 மிமீ லென்ஸை ஏபிஎஸ்-சி பாடியில் போட்டுத்தான் எடுக்கிறார்கள். வட்டம் பெரிது, சென்சார் சிறிது, அதனால் மூலை கறுக்கும் பேச்சே கிடையாது. படம் 450 மிமீ லென்ஸில் எடுத்த அளவுக்கு நெருங்கித் தெரியும். ஆனால் "என் லென்ஸ் 450 ஆயிடுச்சு" என்று உப்பளத்து வெயிலில் நின்று ஒரு சார் அடம்பிடித்தார் பாருங்கள்! லென்ஸ் எப்போதும் 300தான் சார், ஓரத்தை சென்சார் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் வைத்திருந்தவர், அதே அளவுக்கு வெட்டினால் தனக்கும் 20 மெகாபிக்சல் மிஞ்சும் என்று சிரித்தார். அதன் பிறகு பறவையை யாரும் பார்க்கவில்லை.

தஞ்சாவூர்:
43 மிமீ போதும் என்று கும்பகோணத்துக்காரர் சொல்லிவிட்டார். போதாத இடம் எங்கள் பெரிய கோயில். விமானம் 60 மீட்டருக்கு மேல். கீழே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால், 1010-ல் ராஜராஜன் நிமிர்த்தி வைத்தது பின்னால் சாய்ந்துவிடும். கட்டடங்களை ஆவணப்படுத்தும் ஒருவர் அனுமதிக் கடிதம், முக்காலி சகிதம் வந்திருந்தார். கையில் கேனான் டிஎஸ்-இ 24 மிமீ, இரண்டாம் பதிப்பு, கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே கீழே நகர்த்தக்கூடியது. கேமராவை அண்ணாக்காமல் மட்டமாக, படத்தின் நீளப் பக்கம் மேல்கீழாக வரும்படி வைத்தார். லென்ஸை மட்டும் திருகித் திருகி மேலே 12 மிமீ நகர்த்தினார். திரையில் விமானத்தின் உச்சி மெல்ல இறங்கி வந்து படத்துக்குள் உட்கார்ந்தது. கோடுகள் ஒன்றும் சாயவில்லை.

இந்த லென்ஸின் வட்டம் 67.2 மிமீ. இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். தரையில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினார். செங்குத்தாக வைத்த சென்சாரில் பாதி உயரம் 18, நகர்த்தியது 12, ஆக 30. பாதி அகலம் 12. வட்ட மையத்திலிருந்து தூரத்து மூலைக்கு 32.3 மிமீ, விட்டமாக 64.6. வட்டத்துக்குள் அடங்கிவிட்டது, ஆனால் மிச்சம் கொஞ்சம்தான். அந்த மூலைகளில் கூர்மை லேசாகக் குறையும் என்பதால் லென்ஸின் ஒளித் துளையை எஃப் 11 வரை சுருக்கித்தான் எடுத்தார். சாதாரண 24 மிமீ லென்ஸை இப்படி நகர்த்த முடிந்தாலும் பிரயோஜனமில்லை, அதன் வட்டத்தில் மிச்சமே இருக்காது.

திருவாரூர்:
ஆழித்தேர் அன்று ஒரு வீடியோ குழு, சூப்பர் 35 (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சினிமா பிலிம் அளவு) லென்ஸை வாடகைக்கு எடுத்து, இணைப்பு வளையமான அடாப்டர் வழியாக ஃபுல் ஃபிரேம் பாடியில் மாட்டியது. நாலு மூலையும் கறுப்பு. கும்பகோணத்துத் தம்பிக்கு நடந்த மாதிரி கேமரா தானாக வெட்டிக்கொள்ளவில்லை. அந்த அடாப்டரில் மின்தொடர்பு கிடையாது, என்ன லென்ஸ் என்று கேமராவுக்கு எப்படித் தெரியும்? பிலிம் காலத்து சூப்பர் 35-க்கு மூலைவிட்டம் 31 மிமீ சுமார். மெனுவில் போய் சூப்பர் 35 முறையைக் கையால் போட்டதும் சரியாகிவிட்டது. 6000 பிக்சல் அகலம் 4000 ஆனாலும் 4கே வீடியோவுக்கு 3840 போதுமே. நிலை சேர்வதற்குள் வேலை முடிந்தது.

மயிலாடுதுறை:
மில்லிமீட்டரில் பேசுவதுதான் சரி. இங்கே ஒரு கடையில், "ஒரு இஞ்ச் சென்சார், அப்படின்னா 25 மிமீ, கிட்டத்தட்ட ஏபிஎஸ்-சிதான்" என்று சொல்லி ஒரு கேமராவை விற்கப் பார்த்தார்கள். அந்தச் சென்சார் 13.2×8.8 மிமீ, மூலைவிட்டமே 16-ஐத் தொடாது. பழைய டிவி கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டம்தான் அந்த ஒரு இஞ்ச். குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. ஏபிஎஸ்-சியும் அப்படித்தான், 1996-ல் வந்த ஏபிஎஸ் பிலிமின் ஒரு கட்ட அளவு, 25.1×16.7. அந்தப் பிலிமை இப்போது யாரும் போடுவதில்லை.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. கடைச் சுவரைக் கிட்டத்தில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கிட்டத்தில் ஃபோகஸ் வைத்தால் வட்டம் பெரும்பாலும் விரியும். வாசலுக்கு வந்து, ஃபோகஸைக் கடைசித் தொலைவான இன்ஃபினிட்டியில் வைத்து வானத்தை எடுங்கள். ஜூம் என்றால் இரு முனையிலும் எடுங்கள். டோக்கினா 11-16 மிமீ ஜூம், ஏபிஎஸ்-சிக்கான லென்ஸ்தான். 16-ல் ஃபுல் ஃபிரேமையும் நிரப்பிவிடும், 11-ல் மூலை கறுத்துவிடும்.