கலங்கரை விளக்கமும் அண்ணா நகர் டவரும்: மேலே ஏறிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

மயிலாப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மெரினா கலங்கரை விளக்கத்துக்குச் செல்லத் திட்டமிடுகிறவர்கள் கட்டணத்தையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். அவற்றுக்கு முன்பாகத் தீர்மானிக்க வேண்டியது, மேலே போய்க் கடலைப் பார்க்க விரும்புகிறோமா, ஊரைப் பார்க்க விரும்புகிறோமா என்பதே என்று நான் நினைக்கிறேன். கடல் கிழக்கிலும் ஊர் மேற்கிலும் இருப்பதால், முற்பகலில் வெயில் நம் முதுகுப்பக்கமிருந்து மயிலாப்பூரின் மீது விழுந்து, கபாலீசுவரர் கோயில் கோபுரத்தையும் அதைச் சூழ்ந்த கூரைகளையும் துலக்கிக் காட்டும். கடற்பக்கம் திரும்பினால் கண் கூசும். பிற்பகலில் இது தலைகீழாகிவிடும். அப்போது நீரின் நிறமும் படகுகளும் மணற்பரப்பின் நீளமும் தெளிவாகத் தெரியும். ஊர் எதிர்வெயிலில் மங்கிப்போகும். நான் சென்ற காலங்களில் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் நண்பகல் இடைவேளைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வேளை அனுமதித்தார்கள். மாலை ஐந்து மணியளவில் மூடிவிடுவதால், சூரியன் மறைவதை மேலிருந்து பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு யாரும் கிளம்ப வேண்டாம்.

சென்ற தை மாதம் மதுரையிலிருந்து வந்திருந்த பெரியப்பாவையும் பெரியம்மாவையும் பிற்பகல் வேளையில் அழைத்துச் சென்றேன். பெரியப்பா இளமையில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்து, மேல்முறையீட்டுக் கட்டுகளோடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அடிக்கடி வந்து போனவர். சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் கொண்ட இந்த முக்கோணக் கோபுரம் 1977 ஜனவரியில் பணியைத் தொடங்கும் வரை, நகரத்தின் விளக்கு உயர் நீதிமன்றக் குவிமாடத்தின் உச்சியில்தான் எரிந்தது. 1894 முதல் அது அங்கே இருந்தது. அதற்கு முன்பு, 1844 முதல், அதே வளாகத்தில் இன்றும் நிற்கும் உயரமான தூணின் மீதும், அதற்கும் முன்பு, 1796 முதல், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் மீதும் விளக்கேற்றியிருக்கிறார்கள். இந்த வரிசையை நான் படித்துத்தான் அறிந்தேன். பெரியப்பாவோ கம்பித் தடுப்பின் வடக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் வந்தப்போ லைட்டு கோர்ட்டு மேலதாம்ப்பா சுத்தும். பாரிமுனையில சாப்பிட்டுட்டு லாட்ஜுக்கு நடந்து போவோம், தலைக்கு மேல வெளிச்சம் வந்து வந்து போகும்" என்றார். துறைமுகத்தின் கிரேன்களுக்கு இப்பால் அந்தக் குவிமாடங்களை வெகுநேரம் தேடினார். நேரம் இருப்பவர்கள் காலையில் பாரிமுனைப் பக்கம் ஒரு சுற்று போய், குவிமாடத்தையும் பழைய தூணையும் சாலையிலிருந்தாவது பார்த்துவிட்டுப் பிற்பகலில் மெரினாவுக்கு வந்தால், மேலே நிற்கும்போது எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்திருக்கும். இதை நான் எல்லோருக்கும் வலியுறுத்திச் சொல்வேன்.

அன்று எங்களோடு லிஃப்டில் ஏறிய ஓர் அம்மாள் நொச்சிக்குப்பத்தைச் சேர்ந்தவர். கோபுரத்தின் காலடியிலேயே வாழ்ந்தும், பேரன் பிடிவாதம் பிடித்த பிறகுதான் முதன்முறையாக மேலே வந்திருந்தார். தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் கூர்கோபுரத்தையும், அதற்கு முன்பாகக் குடியிருப்புகளையும், மணலில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகுகளையும் பேரனுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தவர், பெரியம்மாவின் பக்கம் திரும்பி, "எங்க வூட்டுக்காரரு ராத்திரி கடல்ல இருந்து வர்றப்போ இந்த லைட்டப் பாத்துத்தாம்மா கரை புடிப்பாரு. நான் இத்தன நாளும் கீழருந்தே பாத்துக்கினு இருந்தேன்" என்றார். பெரியம்மா அவரை விடவில்லை. எந்தப் படகு யாருடையது, வலை உலர்த்தும் இடம் எது, அலை ஏறினால் தண்ணீர் எதுவரை வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எந்த வழிகாட்டியும் சொல்லித் தர முடியாத விவரங்கள் அவை. உங்களுக்கும் அப்படி ஒருவர் அருகில் நிற்க நேர்ந்தால், செல்பேசியைப் பையில் போட்டுவிட்டுப் பேச்சுக் கொடுங்கள்.

லிஃப்ட் இருப்பதால் முதியோரையும் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். கலங்கரை விளக்கங்களில் அது அரிதான வசதி. பாதுகாப்புக் காரணங்களால் நெடுங்காலம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்த இந்தக் கோபுரத்தை 2013 நவம்பரில்தான் மீண்டும் திறந்தார்கள். லிஃப்டில் ஒரு தடவைக்குச் சிலரே ஏற முடியும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை நீண்டுவிடும். வாரநாளில் போக முடிந்தவர்கள் வாரநாளிலேயே செல்லுங்கள். பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் கலங்கரை விளக்கம் என்ற நிலையத்தின் பெயரைப் பார்த்துக் கோபுரம் வாசலிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இறங்கிய பிறகு கணிசமான தூரம் இருக்கிறது, பெரியவர்கள் உடன் இருந்தால் ஆட்டோ வைத்துக்கொள்வது நல்லது.

அண்ணா நகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மயிலாப்பூர் நண்பர் வெயிலின் திசையைச் சொன்னது மிகவும் பயனுள்ளது. என் தாயாருக்கு லிஃப்டில் ஏறுவதென்றால் மூச்சுமுட்டும் அச்சம் உண்டு, மூட்டு வலியால் படியும் ஏற மாட்டார். அவருக்கு ஒத்துவந்தது எங்கள் டவர் பூங்காதான். விஸ்வேஸ்வரய்யா பெயர் கொண்ட இந்தக் கோபுரத்தில் மேலே செல்லும் வழி கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளமாக இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் நின்று, இளைப்பாறி, வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, திரும்பி வருவதற்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள்.

1968 ஜனவரியில் இங்கே நடந்த உலக வணிகக் கண்காட்சிக்காக எழுந்த கோபுரம் இது. அப்போது அண்ணா முதலமைச்சராக இருந்தார். அதே மாதத்தில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடும் சென்னையில் நடந்தது. அதையொட்டி நிறுவப்பட்டவைதான் மெரினாவின் திருவள்ளுவர், கண்ணகி சிலைகள். ஒரே பொழுதில் பிறந்த அந்தச் சிலைகளையும் இந்தக் கோபுரத்தையும் ஒரே நாளில் பார்த்துவர வேண்டும் என்பது என் விருப்பம். 2011இல் மூடப்பட்ட கோபுரத்தை, சுற்றிலும் கம்பி வலை பொருத்திய பிறகு 2023 மார்ச்சில் திறந்தார்கள். வலை பார்வையை ஓரளவு மறைக்கிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட இடம் என்பதால்தான் அத்தனை ஆண்டுகள் மூடியிருந்தது. வலை இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

மேலே எங்களுக்கு அறிமுகமானவர் வீட்டு வசதி வாரியத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். மரங்களுக்கிடையே நேர்கோடாக ஓடும் அவென்யூக்களைக் கையால் காற்றில் கோடு இழுத்துக் காட்டி, எந்தப் பகுதியில் முதலில் மனைகள் பிரிக்கப்பட்டன, எங்கே வயலும் ஏரியுமாக இருந்தது என்று என் தாயாருக்கு விளக்கினார். கீழே தெருவில் நடக்கையில் ஒருபோதும் புலப்படாத அந்த ஒழுங்கு, மேலிருந்து கோலத்தின் புள்ளி வரிசையைப் போலத் தெரிந்தது. மெட்ரோவில் வருகிறவர்களுக்கு அண்ணா நகர் டவர் என்றே நிலையம் இருக்கிறது.

குரோம்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

பருவத்தைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்து வானம் வெளுக்கும் மறுநாள்தான் சென்னையைத் தொலைவுவரை பார்ப்பதற்கு ஏற்ற நாள். காற்றிலுள்ள தூசி முழுவதும் கழுவப்பட்டிருக்கும். அதற்கு நேர்மாறு போகி. அன்று காலை எந்தக் கோபுரத்தில் ஏறினாலும் புகையைத்தான் காண்பீர்கள்.

இரண்டு கோபுரங்களுமே மூடியிருக்கும் நாளில் விருந்தினரை ஏமாற்ற வேண்டியதில்லை, பரங்கிமலை இருக்கிறது. உச்சியிலுள்ள பழைய தேவாலயம் வரை வண்டி செல்லும், நடக்க முடிந்தவர்களுக்குப் படிகளும் உண்டு. விமானங்கள் ஓடுபாதையில் இறங்குவதை அங்கிருந்து பார்த்த என் அண்ணன் மகன், கீழே இறங்கவே மறுத்துவிட்டான். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற மற்றொரு குடும்பத்தார், வளைகுடா நாட்டுக்குச் செல்லும் மகனை விமான நிலையத்தில் விட்டுவிட்டு, அவன் விமானம் மேலெழுவதைப் பார்ப்பதற்காகவே மலைக்கு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வழிபாட்டு நேரம் என்பதால், சுற்றிப் பார்க்கச் செல்கிறவர்கள் வேறு பொழுதைத் தேர்ந்தெடுப்பது முறை.