இழை: ‘நியர் மிஸ்’ – படிவத்துக்கு அவசரமாக ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். மருத்துவமனைப் பணியாளர்கள் தண்டனைப் பயமின்றி, பெயர் போடாமல் தாங்களே நிரப்பித் தரும் நிகழ்வுப் படிவம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு நாளன்று வெளிவர வேண்டும். அச்சகம் திங்கட்கிழமையே கேட்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்த பிரிவுகளைத்தான் படிவம் பின்பற்றுகிறது: நோயாளியை எட்டாமலே போனது, எட்டியும் தீங்கு செய்யாதது, தீங்கு செய்தது. பின்னிரண்டுக்கும் ‘தீங்கிலா நிகழ்வு’, ‘தீங்கு நிகழ்வு’ என்று வைத்துவிட்டேன். முதலாவதான நியர் மிஸ்தான் இடிக்கிறது. பென்சிலின் ஒவ்வாத ஒருவருக்கு அதே வகை மருந்தான அமாக்சிசிலின் எழுதியாயிற்று, மருந்தாளுநர் பார்த்து நிறுத்திவிட்டார் என்றால் அது இந்த வகை. ‘மயிரிழையில் தப்பியது’ என்று படிவத்தில் போட முடியாது. உதவுங்கள்.

தமிழாசிரியர்:

இதில் என்ன சிக்கல்? ‘நியர்’ அண்மை, ‘மிஸ்’ தவறுதல். அண்மைத் தவறு. முடிந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. குற்றத்தைக் குறிக்கும் நம் சொற்களுக்குள் தப்பித்தலும் ஒளிந்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பிழை என்றால் குற்றம். பிழைத்தான் என்றால் உயிர் மீண்டான். தப்பு என்றால் குற்றம். தப்பினான் என்றால் அகப்படவில்லை. குறி தவறியது என்றால் அம்பு படவில்லை, மான் பிழைத்தது. வேறெங்கும் போய்த் தேட வேண்டாம். ‘பிழைபிழைப்பு’ என்றே வைக்கலாம். முதற்பிழை குற்றம், அடுத்தது உய்வு.

மயக்கவியல் மருத்துவர்:

ஐயா, ‘அண்மைத் தவறு’ என்றால் சமீபத்தில் நடந்த தவறு என்றுதான் படிப்பார்கள். ‘பிழைபிழைப்பு’ என்று அனுப்பினால் ஒரே சொல்லை இரண்டு முறை அடித்துவிட்டார்கள் என்று அச்சகமே திருத்திவிடும்.

இன்னொன்று. தவறு என்ற சொல்லே வேண்டாம். ‘நோயாளி தவறவிருந்தார்’ என்று யாராவது எழுதிவைத்தால் உறவினர் கதி என்ன? வார்டில் ‘தவறிவிட்டார்’ என்பதற்கு ஒரே பொருள்தான்.

சட்டத்தின் பக்கமும் பாருங்கள். மருத்துவக் கவனக்குறைவு என்று வழக்குப் போட்டு இழப்பீடு கேட்க, பொதுவாக நான்கைக் காட்ட வேண்டும்: கடமை இருந்தது, அதிலிருந்து வழுவினார்கள், தீங்கு நேர்ந்தது, அந்த வழுவலால்தான் நேர்ந்தது. நியர் மிஸ்ஸில் மூன்றாவதே இல்லை. அப்படியிருக்க, நீதிமன்ற வாடை வீசும் சொல்லைப் படிவத்தில் அச்சடித்துவிட்டு, ‘வாங்க, நிரப்புங்க’ என்றால் யார் வருவார்கள்?

தமிழாசிரியர்:

வழுவினார்கள் என்றீர்களே, அதுவே போதும்! ‘வழு’ என்று வையுங்கள். இலக்கணத்தில் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழு. வழுதான், ஆனால் ஒரு காரணத்தால் ஏற்கலாம் என்றால் அது வழுவமைதி. தண்டனை இல்லாமல் ஒப்புக்கொள்வது என்ற உங்கள் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

கம்பனின் இராமன் இன்னும் மேலே போகிறான். ‘நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை’ என்று தொடங்கி, தந்தை மேலும் தாய் மேலும் தம்பி மேலும் பிழையில்லை, விதியின் பிழை என்று முடிக்கிறான். ஆளைக் குறை சொல்லாதே என்பதுதானே?

மென்பொருள் பொறியாளர்:

விதி என்பதற்கு ‘ரூல்’ என்று பொருள் கொண்டால் கம்பர் சொன்னது அப்படியே, மனிதத் தவறுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் சொன்னது. ஆள் மேல் பழி போடாதே, நடைமுறையில் இருக்கும் ஓட்டைகளைப் பார். ஆனால் படிவத்தில் ‘வழுவமைதி’ என்று போட்டால், தவறு செய்தாலும் பரவாயில்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டதாக நினைப்பார்கள்.

விமானத்துறையில் 1976இலிருந்தே இது நடக்கிறது. அமெரிக்காவில் விமானிகளின் அறிக்கைகளை வாங்குவது விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் துறை அல்ல, நாசா. எழுதியவர் பெயரையும் நீக்கிவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறார்கள்.

செவிலியர்:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நாங்கள் வார்டில் என்ன சொல்வோம் தெரியுமா? ‘நல்லவேளை’. அடர் பொட்டாசியம் குளோரைடு குப்பியும் சலைன் குப்பியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அடர் பொட்டாசியத்தை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஒருத்தி எடுத்துவிடுவாள், பக்கத்தில் இருப்பவள் ‘நல்லவேளை, பார்த்தேன்’ என்பாள். ‘நல்லவேளை நிகழ்வு’ என்று வைத்தால் இரவுப்பணி முடிந்து கண் சொருகுகிறவளுக்கும் புரியும். பயமும் வராது.

தமிழாசிரியர்:

அம்மா, ‘உழைச்செல்வான்’, அதாவது நோயாளியின் அருகிருந்து கவனிப்பவர், என்று வள்ளுவர் மருந்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக வைத்தது உங்களைத்தான். உங்கள் சொல்லைத் தள்ள எனக்கு உரிமையில்லை. ஆனாலும் ‘வேளை’ என்றால் பொழுது. நல்ல நேரத்தால் தப்பியது என்றாகிவிடும். பார்த்தவரின் கண்ணுக்குப் பெருமை எங்கே?

செவிலியர்:

எங்கள் பெயர் போடாத படிவம்தானே ஐயா. பெருமை யாருக்கு வேண்டும்?

மயக்கவியல் மருத்துவர்:

நல்லவேளைக்கு என் ஓட்டு. ‘தடுத்த நிகழ்வு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது பொருந்தாது. யாரும் தடுக்காமல், நோயாளி வேறு பரிசோதனைக்குப் போயிருந்ததால் ஊசி போடாமல் விட்டுப்போனதும் இதில் அடங்கும்.

மொழிபெயர்ப்பாளர்:

மேலிடத்தில் கேட்டுவிட்டேன். ‘நல்லவேளை’ பேச்சு வழக்காம், அரசுப் படிவத்துக்கு ஆகாதாம். ‘எட்டாத் தீங்கு’ என்றால்?

தமிழாசிரியர்:

இடையில் ‘த்’ மிகுந்தது சரி. ஆனால் எட்டாக்கனி மாதிரி ஒலிக்கிறதே. தீங்கு செய்ய முயன்று, கைக்கு எட்டவில்லை என்று வருந்துவதுபோல!

மொழிபெயர்ப்பாளர்:

சரி, மற்ற இரண்டோடும் ஒத்துப்போக ‘எட்டா நிகழ்வு’ என்று அனுப்புகிறேன். கீழே சிறிய எழுத்தில் ‘நோயாளியை எட்டும் முன் நின்றுபோனவை’ என்ற விளக்கமும் அமாக்சிசிலின் எடுத்துக்காட்டும் வரும். ஐந்து பேர் தலையாட்டியிருக்கிறீர்கள். உற்சாகமாக அல்ல என்று தெரிகிறது.

தமிழாசிரியர்:

நிகழாததை நிகழ்வு என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பதிவாகட்டும்.

மயக்கவியல் மருத்துவர்:

மருந்துச்சீட்டு எழுதியது நிகழ்ந்ததுதானே ஐயா?

செவிலியர்:

அச்சடித்து வரட்டும். வார்டில் நாங்கள் நியர் மிஸ் என்றுதான் சொல்லப்போகிறோம். அப்புறம், படிவத்தில் ‘நடந்த நேரம்’ கட்டம் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, அதையும் பெரிதாக்கச் சொல்லுங்கள்.