இங்கிலாந்து கிளம்பும் நர்ஸ்களுக்கு: கோட்டு வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்க்கும் நான் லீவுக்கு மன்னார்குடி வந்து பத்து நாள் ஆகிறது. நேற்று சாயங்காலம் பக்கத்துத் தெருப் பெண் வந்திருந்தாள். தஞ்சாவூரில் ஆறு வருடம் வார்டு பார்த்தவள், அடுத்த மாதம் இங்கிலாந்து கிளம்புகிறாள். என்ன கோட்டு வாங்கலாம், குக்கர் எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். எல்லாம் சொல்லிவிட்டு, "போன முதல் வாரமே யூனியன்ல சேர்ந்துடும்மா" என்றேன். கூட வந்த அவள் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "யூனியன் கினியன்னு போனா வேலைக்கு ஆபத்து வராதா?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அங்கே யூனியனில் சேருவது சட்டப்படி உங்கள் உரிமை. அதற்காக வேலையை விட்டு எடுக்க முடியாது. 1916-இல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் என்ற நர்ஸ்கள் சங்கம் இருக்கிறது, யூனிசன் என்ற இன்னொரு யூனியன் இருக்கிறது. எதில் சேர்ந்தாலும் சரி. ஆனால் என்எம்சி-யை (நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில்) நம் சங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நோயாளிகளின் பாதுகாப்புக்காக நர்ஸ்களின் பதிவேடு வைத்திருக்கும் அமைப்பு. உங்கள் மேல் புகார் போனால் விசாரிப்பது அவர்கள், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது யூனியன் ரெப், அதாவது யூனியனின் பிரதிநிதி. பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் அந்தப் பழைய பிரச்சினைக்குப் பொதுவாக உதவி கிடைக்காது. ஐப்பசி மழை கொட்டும்போது வரப்பை உயர்த்தப் போகிற கதைதான்.

நான் வேலையில் சேர்ந்த நாலாவது மாதம் ஒரு நைட் டூட்டி. மூன்று பேர் பார்க்க வேண்டிய வார்டில் நானும் ஒரு ஹெல்த்கேர் அசிஸ்டென்டும் மட்டும். ஒரு தாத்தாவுக்குப் பத்து மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாட்டிக்கைப் பன்னிரண்டரைக்குத்தான் போட முடிந்தது. காலையில் மேனேஜர் ஏன் தாமதம் என்று கேட்டார். "சாரி" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். பெரியவர்கள் கேட்டால் எதிர்த்துப் பேசாதே என்று வளர்ந்தவர்கள் அல்லவா நாம். அந்த ஒரு "சாரி", தப்பு என்னுடையது என்று குறிப்பில் ஏறிவிட்டது. ஆள் குறைந்திருந்ததைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

பக்கத்து வார்டு கேரளத்து சேச்சிதான் கற்றுக்கொடுத்தார். ஆள் குறைந்தால் அந்த ஷிஃப்டிலேயே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். அப்புறம் டேட்டிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் பதிவிலோ உங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் வேறு சம்பவப் பதிவிலோ எழுத வேண்டும். எத்தனை நோயாளி, எத்தனை ஸ்டாஃப், எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னேன், அவ்வளவுதான். இது யாரையும் காட்டிக்கொடுப்பது ஆகாது, நோயாளிக்காகப் பேசுவது. மேனேஜரிடம் சொல்லப் பயமாக இருந்தால், இங்கிலாந்தின் என்எச்எஸ் டிரஸ்ட்களில் (அரசு மருத்துவ சேவையின் ஆஸ்பத்திரி அமைப்புகளில்) ஊழியர்கள் பயமில்லாமல் குறை சொல்ல ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் போகலாம்.

ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் குறைந்தது 20 நிமிட இடைவேளையும், இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வும் சட்டத்தில் இருக்கிறது. சாப்பிடாமல் ஓடினால்தான் நல்ல நர்ஸ் என்று நினைக்காதீர்கள்.

ஏஜென்ட் விஷயம். வேலை வாங்கித் தர உங்களிடம் கமிஷன் வாங்கக்கூடாது என்பது பிரிட்டன் அரசின் ஆள்சேர்ப்பு விதி. பாதியில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை போனில் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு ரூமில் உட்கார்ந்து அழுத நாட்கள் எனக்கு உண்டு. ராயல் காலேஜ் உறுப்பினர்களுக்குக் கவுன்சலிங் உண்டு, வேலை இடத்தில் ஊழியர்களின் உடல், மன நலம் பார்க்கும் ஆக்குபேஷனல் ஹெல்த் உண்டு. கூப்பிட்டுப் பேசுங்கள், அது பலவீனம் இல்லை.

ஞாயிறு வரை ஊரில்தான் இருக்கிறேன். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் எழுதுங்கள், சேர்ந்து படிக்கலாம்.