கொட்டகலை, தலவாக்கலை பக்கம் மஞ்சள் பெட்டி ஒன்றைக் கண்டீர்களா?

வணக்கம் உறவுகளே. நான் வீதி வேலையில் இருப்பவன். ஞாயிறு இரவு எங்கள் வண்டியிலிருந்து ஒரு கருவி காணாமல் போய்விட்டது. பூட்டைச் சரியாகப் போடாதது எங்கள் பக்கத் தவறுதான். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று.

கொட்டிய மண் எவ்வளவு இறுகியிருக்கிறது, எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்கும் கருவி அது. மேலே ஒரு நீளக் கம்பி நிற்கும். அதன் நுனியில் சீசியம்-137, அடிப்பகுதியில் அமெரிசியம்-241. இரண்டும் உடம்புக்குக் கேடான கதிர்வீச்சை வெளிவிடும் பொருள்கள். பெட்டியில் மூன்று இதழ் விசிறி போன்ற கறுப்பு அடையாளம் உண்டு. பூட்டியபடி இருந்தால் பெரிய ஆபத்தில்லை. உடைத்தால்தான் வினை. 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவி ஒன்றைப் பழைய இரும்புக்காக உடைத்தார்கள். அதிலும் சீசியம்-137தான், ஆனால் இதைவிடப் பல மடங்கு அதிகம். நான்கு பேர் இறந்தார்கள்.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணன்மாரைத் தெரிந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். லயத்துப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள், அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். கண்டால் தொடாமல் தள்ளி நின்று 119க்கு அழையுங்கள். எடுத்தவரே இதை வாசித்தால், தம்பி, விற்றாலும் காசு பெரிதாக வராது, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் அப்படியே வைத்துவிட்டுத் தகவல் மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம், சிங்களத்தில் இதை எழுதித் தர யாராவது இருக்கிறீர்களா? என் சிங்களம் பேச்சோடு சரி.