தொடர் எண்கள் விழுந்தால் குலுக்கலில் மோசடி என்று பொருளா?

சாட்ஸ்வொர்த்வாசி கேட்கிறார்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாமா நெடுங்காலமாகத் தென்னாப்பிரிக்காவின் பவர்பால் லாட்டரிச் சீட்டு எடுத்து வருகிறார். 2020 டிசம்பர் 1 அன்று 5, 6, 7, 8, 9 என்ற எண்களும், பவர்பால் எனப்படும் தனி எண்ணாக 10-உம் விழுந்து, 20 பேர் முதல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டதிலிருந்து, குலுக்கலே முன்கூட்டித் தீர்மானிக்கப்படுவது என்று அவர் உறுதியாக நம்புகிறார். ஆனாலும் சீட்டு எடுப்பதை விடவில்லை. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு குலுக்கலையும் எழுதி, பல வாரங்களாக வராத எண்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அவை இனி வந்தே தீரும் என்று அவற்றையே கட்டுகிறார். அவர் மனம் நோகாமல் இதை எப்படி விளக்குவது?

ஃபீனிக்ஸ் கணித ஆசிரியர்:
தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். அன்றைய விதிப்படி 50 எண்களில் ஐந்தையும், தனியாக 20 எண்களில் ஒன்றையும் எடுக்க வேண்டும். இதற்கு 4,23,75,200 வழிகள் உண்டு. 5, 6, 7, 8, 9, 10 அவற்றில் ஒன்று. 3, 17, 28, 34, 46 என்று எழுதிப் பவர்பாலாக 12-ஐ வைத்தால் அதுவும் அவற்றில் ஒன்றே. இரண்டுக்கும் வாய்ப்பு இம்மியும் வேறுபடாது. சிதறிக் கிடக்கும் வரிசைகள் எல்லாம் நம் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிவதால் அவற்றை ஒரு கூட்டமாகவும், படிக்கட்டு போன்ற வரிசையைத் தனியாகவும் வைத்து ஒப்பிடுகிறோம். பிழை அங்கேதான் நுழைகிறது. ஆறு எண்களும் இப்படி அடுத்தடுத்து ஏறும் வரிசைகள் 1 முதல் 6 வரை தொடங்கி 15 முதல் 20 வரை மொத்தம் 15 மட்டுமே. ஆகவே அவற்றுள் ஏதேனும் ஒன்று விழுவது ஏறத்தாழ 28 லட்சத்தில் ஒரு முறை நடக்கக்கூடியது. அரிதுதான், ஆனால் நடக்காதது அன்று.

மோசடி நடந்ததா என்பது வேறு கேள்வி. அதிகாரிகள் விசாரிப்பதாக அப்போதே கூறினார்கள். அப்படி விசாரிப்பது முறையும்கூட. ஆனால் விழுந்த எண்களின் அழகை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. எண்களை முன்கூட்டியே அறிந்த ஒருவர், ஊரே விரும்பி எழுதும் வரிசையைத் தேர்ந்தெடுத்து ஏன் 19 பேரோடு பங்கிட வேண்டும் என்று மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்.

டோங்காட் அக்கா:
அந்தச் சிவப்பு வட்டங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓர் எண் முதல் ஐந்தில் இடம்பெறும் வாய்ப்பு பத்தில் ஒன்று. தொடர்ந்து 30 குலுக்கல்களில் வராமலிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேல். மொத்தம் 50 எண்கள் இருப்பதால், எந்த நாளில் நோட்டைத் திறந்தாலும் சராசரியாக இரண்டு எண்கள் அப்படித்தான் வராமல் கிடக்கும். அடுத்த குலுக்கலில் அவற்றுக்கு உள்ள வாய்ப்பும் அதே பத்தில் ஒன்றுதான், ஏனெனில் முன்பு என்ன விழுந்தது என்பது குலுக்கலுக்குத் தெரியாது. 1913-இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், ரூலெட் என்னும் சுழல்சக்கர ஆட்டத்தில், கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்தபோது, இனிச் சிவப்புதான் என்று நம்பிப் பணம் வைத்தவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள்.

சாட்ஸ்வொர்த்வாசி:
மிக்க நன்றி அக்கா, நன்றி ஐயா. அப்படியானால் எந்த எண்ணை எழுதினாலும் ஒன்றுதானா?

ஃபீனிக்ஸ் கணித ஆசிரியர்:
வெல்லும் வாய்ப்பு ஒன்றுதான்; வென்றால் கைக்கு வரும் தொகை ஒன்றல்ல. அந்த டிசம்பரில் ஏறத்தாழ 11 கோடியே 40 லட்சம் ரேண்ட் 20 பங்காகி, ஆளுக்கு 57 லட்சம் ஆனது. பவர்பாலைத் தவறவிட்டு ஐந்து எண்களை மட்டும் சரியாக எழுதிய 79 பேருக்குத் தலா 6,283 ரேண்ட்தான் கிடைத்தது. பிள்ளைகளின் பிறந்தநாளை எழுதுபவர்கள் 31-ஐத் தாண்டுவதில்லை. ஆகவே 31-க்கு மேற்பட்ட எண்கள் கலந்த, ஒழுங்கற்ற வரிசையை எழுதினால் பிறரோடு பங்கிட நேர்வது குறையும். இதனால் வெற்றி கிட்டே வந்துவிடும் என்று மட்டும் மாமா எண்ணிவிடக் கூடாது: செவ்வாய், வெள்ளி இரு குலுக்கலுக்கும் ஒவ்வொரு சீட்டு எடுத்தால், முதல் பரிசு சராசரியாக நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் விழும்.